மூக்குத்துரையின் இத்தாலி விருந்து

மெல்பேர்னில் நோபல் பார்க் தமிழர்களிடம் ஆரூரனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். டன்டெனோங்கில் ஒரு கதவுத் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் வேலை செய்கிறான் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் எதைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாலும் முகம் சுளிக்காமல் தின்பான் என்பது எல்லோருக்கும் தெரியும். ‘துணிச்சல் நாக்கு’ என்று அவன் நடத்துகிற வீடியோப் பக்கத்தை நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். ஓட்டோடு அவித்த நத்தையை அவன் உறிஞ்சிய விதத்தைப் பார்த்துவிட்டுக் கனடாவிலிருந்து ஒரு பெண், கல்யாணமானவரா என்று கேட்டு எழுதியிருந்தாள். அதற்குப் பதில் எழுதியது அவன் மனைவி பிரவீணா.

அந்த நாற்பதாயிரம் பேருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. ஆரூரனுக்கு மணமே தெரியாது. நல்ல மணமும் இல்லை, கெட்ட மணமும் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தாங்குவதற்காக மட்டும் மூக்கு முகத்தில் இருந்தது.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், ஒருகாலத்தில் அவனைப் போல மூக்குக்காரன் ஊரிலேயே கிடையாது. சின்ன வயதிலேயே வீட்டில் ‘மூக்குத்துரை’ என்று பட்டம் வைத்துவிட்டார்கள். அடுத்த ஒழுங்கையில் யாராவது கருவாடு பொரித்தால் இவன் சட்டையைத் தூக்கி மூக்கைப் பொத்துவான். மெல்பேர்னுக்கு வந்த புதிதில் சுபாங்கன் என்ற சிநேகிதனோடு ஓர் அறையில் இருந்தான். சுபாங்கன் ஒரு சனிக்கிழமை நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தான், அவ்வளவுதான், ஞாயிற்றுக்கிழமை ஆரூரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டான். பிரவீணாவைப் பெண் பார்க்கப் போன இடத்திலும் கொடுத்த தேத்தண்ணியை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தான். அதை அவள் இன்னும் மறக்கவில்லை.

அப்படிப்பட்ட மூக்குக்கு 2020ஆம் ஆண்டு கொவிட் வந்தது. காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு, புளி, இனிப்பு, உறைப்பு எல்லாம் நாக்குக்குத் தெரியும், மணம் மட்டும் இல்லை. சில மாதத்தில் திரும்பி வரும் என்றார் வைத்தியர். ஆரூரனும் ஆறுதலாகக் காத்திருந்தான். பார்க்கப்போனால் நல்லதுதானே, ரெயினில் பக்கத்தில் யார் வந்து இருந்தாலும் கவலையில்லை என்று சுபாங்கனிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தான்.

அடுத்த சித்திரையில் இயலினி பிறந்தாள். அந்தச் சிரிப்பு அன்றைக்கு நின்றது.

நம்மவர்கள் பிள்ளையைக் கையில் வாங்கினால் முதலில் செய்வது என்ன? உச்சி முகர்வதுதானே. யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்வதில்லை, தலை தானாகக் குனியும். பிரசவ அறையில் தாதி பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். ஆரூரன் குனிந்து அந்த ஈரத் தலையில் மூக்கை வைத்து மூச்சை உள்ளே இழுத்தான். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் இழுத்தான். வெறும் காற்று. அவன் அழுதான். தாதி அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு கடதாசித் துண்டை நீட்டினாள்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பிள்ளையைத் தூக்கினார்கள், முகர்ந்தார்கள், “என்ன வடிவா மணக்குது பிள்ளை” என்றார்கள். ஆரூரனுக்கு வயிறு எரிந்தது. சொந்தப் பிள்ளையின் மணம் அவனைத் தவிர மெல்பேர்னில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“எப்பிடியப்பா மணக்கும்? வடிவாச் சொல்லும்,” என்று ஓர் இரவு பிரவீணாவைக் கேட்டான்.

பிரவீணா நெடுநேரம் யோசித்தாள். “பிள்ளை மாதிரித்தான் மணக்கும்,” என்றாள். பாவம், அவளுக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

வைத்தியர் மூக்குப் பயிற்சி என்று ஒன்று கொடுத்தார். நாலு சின்னப் போத்தல்: ரோசா, எலுமிச்சை, கராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது விநாடி மோந்து, அந்த மணத்தை மனசில் நினைக்க வேண்டும். “இந்த வீட்டில ரோசாவை ஆர் கண்டது?” என்று சொல்லிப் பிரவீணா அந்தப் போத்தலில் பெருங்காயத்தைப் போட்டுவைத்தாள். ஆரூரன் இரண்டு வருடம் ஒழுங்காக மோந்தான். பலன் ஒரேயொரு நாள் கிடைத்தது. அடுப்பில் பால் பொங்கிக் கருகிய அன்று, குசினியில் நின்றவனுக்குத் திடீரென்று கருகல் மணம் அடித்தது. பால் போனால் போகட்டும் என்று மாடிக்கு ஓடினான், நித்திரையில் கிடந்த பிள்ளையின் தலையில் போய் மூக்கை வைத்தான். படி ஏறுகிற நேரத்துக்குள் மணம் போய்விட்டது. திரும்பக் கீழே ஓடிவந்து சட்டியை மோந்து பார்த்தான். அதுவும் இல்லை.

இந்த நேரத்தில்தான் வேலியின் மறுபக்கத்திலிருந்து ரென்ஸோ வந்தார்.

ரென்ஸோ பக்கத்து வீட்டு இத்தாலியர். எழுபத்தைந்து வயது, இத்தாலியின் வடக்கே பியமொந்தே என்கிற மலைநாட்டு ஆள். தோட்டத்துத் தக்காளியை விடப் பெரிதாகக் கோபத்தை வளர்ப்பவர். ஒருநாள் வேலிக்கு மேலால் ஒரு கோப்பையை நீட்டினார். நத்தை. சுபாங்கனும் அன்று வீட்டில் நின்றான். கருவாட்டுக்கு வீடு மாறின மூக்குத்துரை நத்தையை எப்படி எதிர்கொள்ளப் போகிறான் என்று ஆசையோடு போனை எடுத்துப் படம் பிடித்தான். ஆரூரன் பத்து நத்தையை உறிஞ்சிவிட்டு, “கொஞ்சம் றப்பர் மாதிரி, ஆனா உள்ளுக்கு வழுவழுப்பு,” என்று அமைதியாகச் சொன்னான். சுபாங்கன் அதை வலையில் ஏற்றினான். விடிய எழும்பிப் பார்க்க ஆரூரன் பிரபலம்.

பிறகென்ன, ஆட்கள் எதையெதையோ கொண்டுவந்து கொடுத்தார்கள், இவன் தின்றான். ஆனால் மணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வருமே. அதற்குப் பிரவீணா வழி கண்டுபிடித்தாள். கமராவுக்குப் பின்னால் நின்று முதலில் அவள் மோந்து பார்ப்பாள். நல்ல மணம் என்றால் ஆட்காட்டி விரல். பரவாயில்லை என்றால் பெருவிரல். நாற்றம் என்றால் சின்னிவிரல். நடுவிரலை இந்த நாட்டில் தூக்கிக் காட்டினால் வேறு வில்லங்கம் என்பதால் அதை விட்டுவிட்டார்கள். சின்னிவிரல் எழும்பினால் ஆரூரன் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டு, “மணம் கொஞ்சம் கடுமைதான், ஆனா நாக்குக்குப் பயமில்லை,” என்பான். ஆயிரக்கணக்கில் கைதட்டல் விழும்.

இந்தக் கைதட்டல்தான் வரதராஜா அங்கிளைக் கொண்டுவந்து சேர்த்தது. வரதராஜா அங்கிள் டன்டெனோங் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் பயண முகவர் நிலையம் வைத்திருப்பவர். இருபது வருடமாக ஆட்களைக் காசிக்கும் திருப்பதிக்கும் கூட்டிப்போய்ப் புண்ணியம் சேர்த்தவருக்கு இளம் ஆட்களையும் பிடிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ‘இத்தாலி பதினொரு நாள்: துணிச்சல் உள்ளவர்களுக்கு மட்டும்’ என்று விளம்பரம் அடித்தார். பிளாரன்சில் கோழிக்கொண்டைக் கறி, நேப்பிள்ஸ் பக்கம் இரத்தமும் சொக்கலேற்றும் கலந்த இனிப்பு, சார்டினியாத் தீவில் உயிருள்ள புழு நெளியும் சீஸ். அந்தச் சீஸைச் சட்டப்படி விற்கக் கூடாதாம், அதனால் ‘பார்க்க மட்டும், அதிர்ஷ்டம் இருந்தால்’ என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார். வழிநடத்துபவர்: துணிச்சல் நாக்கு ஆரூரன். அந்தப் பெயருக்காகவே பதினெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆரூரனுக்கும் பிரவீணாவுக்கும் பிள்ளைக்கும் பயணம் இலவசம்.

புறப்பட முதல் ஒரு வெள்ளோட்டம் வைப்போம் என்றார் அங்கிள். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஓர் இத்தாலியச் சங்க மண்டபத்தில், சங்கத்துப் பெண்கள் சமைக்க, பதினெட்டுப் பேரும் அவர்கள் குடும்பமும் பார்த்திருக்க, ஆரூரன் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக் காட்டுவான். கடைசிச் சாப்பாடு ரென்ஸோவின் பொறுப்பு.

ரென்ஸோவுக்கு இந்த ஒழுங்கில் ஒரு சொந்தக் கணக்கு இருந்தது. அவருடைய கராஜில் ஒரு போத்தல் இருக்கிறது. மிஞ்சிப்போன சீஸ் துண்டுகளைத் திராட்சைச் சாராயத்தில் போட்டு மாதக்கணக்கில் புளிக்கவைப்பது. புரூஸ் என்பார்கள் அவருடைய ஊரில். போன வருடம் அதில் கொஞ்சம் பாணில் பூசிக் கொடுத்தபோது ஆரூரன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் தின்றுவிட்டு, “மென்மையாக இருக்கிறது,” என்று ஆங்கிலத்தில் சொன்னான். விருந்தாளி முகம் சுளிக்கக் கூடாது, அது நம்முடைய மரியாதை. ரென்ஸோவுக்கு அது அவமானம்.

“என் அப்பா இதைத் திறந்தால் நாய் வீட்டை விட்டுப் போகும்,” என்றார் ரென்ஸோ. “நீ மென்மை என்கிறாய். ஒன்றில் நீ பொய்யன், இல்லாவிட்டால் என் புரூஸ் செத்துவிட்டது.”

அன்றிலிருந்து அவர் புதுப் போத்தல் ஒன்று போட்டு, பத்து மாதமாக வளர்த்து வருகிறார். ஆரூரனின் மூக்கு ஒருமுறையாவது சுருங்குவதைப் பார்க்காமல் விடுவதில்லை என்று பிடிவாதம்.

வெள்ளோட்டத்துக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை பிரவீணா குசினி அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்தட்டில் அந்த நாலு போத்தலும் தூசி பிடித்துக் கிடந்தன.

“இதைத் திறந்து எத்தினை மாசமப்பா?”

“நேரமில்லையப்பா. வேலை, வீடியோ...”

“நாப்பது விநாடி நத்தை உறிஞ்ச நேரமிருக்கு. இருவது விநாடி கராம்பு மணக்க நேரமில்லையோ?” பிரவீணா துணியைச் சிங்கில் எறிந்தாள். “உண்மையைச் சொல்லுங்கோ. மூக்கு வந்தா பேர் போயிடும் எண்டு உங்களுக்குப் பயம்.”

“விசர்க்கதை கதையாதையும்.”

“விசர்தான். பிள்ளைக்கு நாலரை வயசாச்சு. இன்னும் கொஞ்சக் காலத்தில வளந்திடுவாள், பிறகு உச்சியைக் காட்டிக்கொண்டு நிண்டு தருவாளோ?” நாலு போத்தலையும் எடுத்து மேசையில் வைத்தாள். “நாளைக்கு நான் விரல் காட்ட மாட்டன். அடுத்த தெரு யதுர்சன் வீட்டில மகளின்ர பேர்த்டே. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்க போறன். முடிய ஒண்டரைக்கு வந்து உங்களை ஏத்துறன். அதுமட்டும் நீங்களே சமாளியுங்கோ.”

ஆரூரனுக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அவள் சொன்னது உண்மை. வைத்தியர் கைவிடவில்லை, இவன்தான் கைவிட்டான். நாற்பதாயிரம் பேர் கைதட்டுகிற இடத்தில் ஒரு சின்னத் தலையின் மணத்தை அடகு வைத்துவிட்டான். அன்று மாலை இயலினி கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தபோது வழக்கம்போலப் பின்னால் போய்க் குனிந்து முகர்ந்தான். போத்தலை மறந்தாலும் இந்தப் பழக்கத்தை மட்டும் அவன் ஒருநாளும் விட்டதில்லை. வழக்கம்போல ஒன்றுமில்லை. “அப்பா, யூ ஆர் புளொக்கிங் த டீவீ,” என்றாள் மகள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. அங்கிள் கோட் போட்டு, கையில் மைக் பிடித்து, கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி ஓடித்திரிந்தார். மேடையில் ஒரு மேசை, ஒரு கதிரை, கதிரையில் ஆரூரன். முன்வரிசையில் பிரவீணா வழக்கமாக நிற்கும் இடத்தில் யாரோ ஓர் அன்ரி கைப்பையை வைத்துக்கொண்டு இருந்தார். அவரிடம் விரல் கேட்கவா முடியும்?

முதலில் நத்தை, பலெர்மோ நகரத்து முறையில் உள்ளிப்பூண்டு போட்டு வதக்கியது. அது பழைய கூட்டாளி, பயமில்லை. உறிஞ்சினான், பல்லால் கிளறினான், ஓட்டைத் தட்டில் டொக்கென்று போட்டான். கைதட்டல்.

இரண்டாவது சிப்ரேயோ. கோழிக்கொண்டையும் ஈரலும் முட்டை மஞ்சளும் எலுமிச்சம்புளியும் சேர்ந்த பிளாரன்ஸ் கறி. கொண்டை தட்டில் சிவப்பு மங்கி, சேவல் வெட்கப்பட்டதுபோலச் சுருண்டு கிடந்தது. “ஜெலி மாதிரி, பல்லில ஒட்டாது,” என்றான் ஆரூரன். சொல்லும்போது ஏதோ ஒன்று மூக்கின் அடியில் ஊசி முனையளவு குத்தியது. எலுமிச்சையா? திரும்ப மூச்சை இழுத்தான். இல்லை. வீண் ஆசை என்று விட்டுவிட்டான்.

மூன்றாவது சங்குவினாச்சோ. பன்றி இரத்தமும் சொக்கலேற்றும். கறுத்த களி, கிண்ணத்தில் பளபளத்தது. கூட்டம் கொஞ்சம் பின்வாங்கியது. முன்வரிசை அன்ரி மட்டும் எட்டிப் பார்த்து, “உதென்ன பெரிய விசயம், எங்கட ஆட்டு ரத்த வறைக்குச் சீனி போட்ட மாதிரித்தானே,” என்றார். ஆரூரன் கிண்ணத்தை வழித்துத் தின்றான். அங்கிள் மைக்கில், “பாத்தியளோ, பாத்தியளோ, பயணத்துக்கு இன்னும் ரெண்டு சீற்தான் மிச்சம்,” என்று கூவினார்.

பிறகு ரென்ஸோ மேடைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிற சட்டை போட்டிருந்தார். போத்தலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேசையில் வைத்து மூடியைத் திருகினார். முன்வரிசையில் கைப்பைகள் மூக்குக்கு உயர்ந்தன. மூன்றாம் வரிசையில் ஒருவர் எழும்பி யன்னலைத் திறந்தார். அங்கிள் மைக்கை மூக்கிலேயே வைத்துக்கொண்டதில் மண்டபம் முழுக்க அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

ஆரூரன் மட்டும் புத்தகம் வாசிக்கிற ஆள் மாதிரி இருந்தான்.

“நகத்தளவு போதும்,” என்றார் ரென்ஸோ, அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நகத்தளவா? துணிச்சல் நாக்குக்கா? ஆரூரன் தேத்தண்ணிக் கரண்டியைத் தள்ளிவிட்டுச் சோற்றுக் கரண்டியை எடுத்தான். குவித்து அள்ளினான். வாய்க்குள் போட்டான். உப்பு, கொஞ்சம் உறைப்பு, சாராயத்தின் சூடு, பசை. வழக்கம்தான். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். விழுங்கினான்.

அப்போதுதான் அது வந்தது.

முன்னாலிருந்து வரவில்லை. தொண்டைக்குப் பின்னாலிருந்து, பூட்டிக்கிடந்த கதவைக் காலால் உதைத்துக்கொண்டு வந்தது. மாரிகாலம் முழுக்கக் காயாத காலுறை. அதைக் கருவாட்டுச் சட்டிக்குள் ஊறப்போட்டு மேலால் சாராயம் ஊற்றினால் எப்படி இருக்கும், அப்படி. ஆரூரன் கதிரையோடு பின்னால் போனான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மூக்கு சுருங்கியது, நெற்றி சுருங்கியது, காதுகூடச் சுருங்கியிருக்கும். ஐந்து வருடமாகக் காணாமல் போயிருந்த மூக்குத்துரை மேடையில் வந்து குந்திவிட்டார்.

“அதுதான்,” என்றார் ரென்ஸோ. அவர் முகத்தில் சூரியன் உதித்தது. “என் புரூஸ் உயிரோடு இருக்கிறது.”

கூட்டத்துக்கு விளங்கவில்லை. துணிச்சல் நாக்கு நடிக்கிறான் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். கைதட்டினார்கள். “இன்னொரு கரண்டி,” என்று பின்வரிசையில் யாரோ கத்த, எல்லோரும் சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள். அங்கிள் கரண்டியைப் பிடித்து அவன் கையில் திணித்தார்.

“தம்பி, இன்னும் ஒரே ஒரு கரண்டி. ரெண்டு சீற்றும் முடிஞ்சிடும்.”

ஆரூரனுக்கு அங்கிள் சொன்னது கேட்கவே இல்லை. அவன் மணந்துகொண்டிருந்தான். அங்கிளின் கோட்டில் பூச்சி உருண்டை. மேசை மரத்தில் எப்போதோ சிந்திய வைன். நத்தையில் உள்ளி. கிண்ணத்தின் அடியில் கறுவாப்பட்டை, அட, சங்குவினாச்சோவில் கறுவா போட்டிருக்கிறார்களே, அது தெரியாமலா அவ்வளவையும் தின்றான். சுவர் மணிக்கூட்டில் நேரம் ஒன்று இருபத்தெட்டு. ஒன்றரைக்கு வந்து ஏத்துறன் என்று பிரவீணா சொன்னது ஞாபகம் வந்தது. கூடவே அடுப்பில் கருகிய பாலும், ஏறி முடிப்பதற்குள் மணம் போய்விட்ட மாடிப்படியும் ஞாபகம் வந்தன.

கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கரண்டி விழுங்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. பேரும் போகாது, பயணமும் கைவிட்டுப் போகாது. ஆனால் அதற்கு மூக்கைப் பொத்த வேண்டும். இப்போது மூக்கைப் பொத்தச் சொன்னால் அதற்குப் பதில் அவன் கழுத்தைக் கொடுத்திருப்பான்.

மைக்கை அங்கிளின் கையிலிருந்து வாங்கினான்.

“எல்லாரும் மன்னிக்க வேணும். எனக்கு அஞ்சு வருசமா மணம் தெரியாது. அதாலதான் எல்லாத்தையும் திண்டனான். துணிச்சல் ஒண்டுமில்லை. உண்மையில நான் கருவாட்டுக்கே பயந்த ஆள், சுபாங்கனைக் கேட்டுப் பாருங்கோ. இப்ப மணக்குது. எப்ப திரும்பப் போகுமோ தெரியாது. வெளியில என்ர பிள்ளை வரப்போகுது.” மைக்கைத் திருப்பிக் கொடுத்தான். “அங்கிள், போயிட்டு வாறன்.”

“தம்பி, அப்ப இத்தாலிக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது?” என்றார் அங்கிள்.

ரென்ஸோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இத்தாலி என்ற சொல்லும் அங்கிளின் முகமும் போதுமாக இருந்தன. அவர் நெஞ்சில் கைவைத்து, தான் வருவதாக ஆங்கிலத்தில் அறிவித்தார். முன்வரிசை அன்ரி உடனே, “உவர் சமைப்பாரெண்டால் நானும் வாறன், என்ர பேரைப் போடுங்கோ,” என்றார். அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று ஆரூரனுக்குத் தெரியாது. அவன் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

போத்தலை ஏன் தூக்கினான் என்று கேட்கிறீர்களா? மூக்கு திரும்பவும் நித்திரையாகிவிட்டால்? மண்டபத்து வாசலில் ஒருமுறை மூடியைத் திறந்து மோந்தான். ஐயோ கடவுளே. இருக்கிறது. படியில் இறங்கி ஒருமுறை மோந்தான். குமட்டிக்கொண்டு வந்தது. இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் வெயில் காய்ந்த தார், யாரோ புகைத்த சிகரெட், அப்போதுதான் வெட்டிய புல். ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு ஓடினான். ஐந்து அடிக்கு ஒருதரம் போத்தலை மோந்து, ஓங்காளித்து, சிரித்து, கண்ணைத் துடைத்து ஓடுகிற மனிதனைப் பார்த்து, காருக்குள் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

பிரவீணாவின் கார் உள்ளே திரும்பியது. நிற்பதற்கு முன்பே ஆரூரன் பின்கதவைப் பிடித்துவிட்டான்.

“இஞ்சேருங்கோ, என்ன நடந்தது? ஏன் அழுறியள்? சாப்பாடு ஏதும் ஒத்துவரேல்லையோ?”

பதில் சொன்னால் மூச்சு வீணாகும். போத்தலைத் தரையில் வைத்தான். பட்டியைக் கழற்றி இயலினியைத் தூக்கினான். பேர்த்டே வீட்டில் யாரோ அவள் முகத்தில் புலி வரைந்துவிட்டிருந்தார்கள். மீசை பாதி அழிந்திருந்தது. ஆரூரன் கண்ணை மூடி, குனிந்து, அந்தத் தலையின் உச்சியில் மூக்கை வைத்தான்.

ஒரு விநாடி ஒன்றுமே வரவில்லை. அவனுக்கு உயிர் போய்விட்டது.

பிறகு வந்தது. முதலில் வதக்கிய வெங்காயம், சொசேஜ் சுட்டிருக்கிறார்கள். பிறகு வெயிலுக்குப் பூசும் கிறீம். பலூன். பிரவீணா காலையில் வைத்துவிட்ட தேங்காயெண்ணெய், வெயிலில் சூடாகி. கொஞ்சம் வியர்வை. எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது, இளஞ்சூடாக, லேசான புளிப்பாக, வேறு எதையும் போல இல்லாமல். அதற்கு என்ன பெயர் சொல்வது என்று தேடிப் பார்த்தான். பிரவீணா சரியாகத்தான் சொல்லியிருந்தாள். பிள்ளை மாதிரி மணந்தது.

நாலரை வருடம் பிந்தி வந்த மணம். அவன் விடவில்லை. மூச்சை இழுத்தான், விட்டான், திரும்ப இழுத்தான். தோள் குலுங்கியது. பிரவீணா முதலில் பயந்தாள், பிறகு அவன் மூக்கு எங்கே இருக்கிறது என்பதையும் அது எப்படி விரிந்து சுருங்குகிறது என்பதையும் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

இயலினி புலிமுகத்தைத் திருப்பி அப்பாவின் வாயை அருகில் பார்த்தாள். இரண்டு கையாலும் அவன் தாடையைத் தள்ளினாள்.

“அப்பா, யூ ஸ்டிங்க்,” என்றாள்.

பிரவீணா காரை விட்டு இறங்கி வந்தாள். காற்று அவள் பக்கம் அடித்தது. கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருக்க, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பழக்கதோசத்தில் மற்றக் கையின் சின்னிவிரலை உயர்த்திக் காட்டினாள்.

“விரலை இறக்குமப்பா,” என்றான் ஆரூரன். “எனக்கே நாறுது.”